பிறந்த வீட்டுச் சம்பங்கியும் புகுந்த வீட்டுக் காந்தளும்: தோட்டத்துக்கு எந்தக் கிழங்கை வாங்குவது?

நான் பிறந்தது சத்தியமங்கலம் பக்கத்து ஒரு கிராமத்தில். வீட்டை ஒட்டி அரை ஏக்கர் சம்பங்கி. விடியும் முன் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு இரண்டு வரிசை பறித்து முடித்த பிறகுதான் பள்ளிக்கூடத்துக்குத் தலை சீவ முடியும். வகுப்பில் பக்கத்தில் உட்காரும் பெண், "உன் நோட்டுகூட மணக்கிறது" என்பாள். எனக்கோ அது தூக்கம் கெட்ட மணம்.

வாழ்க்கைப்பட்டது மூலனூர்ப் பக்கம். மாமனாரின் காட்டில் கண்வலிக் கிழங்கு வெள்ளாமை. செங்காந்தள் என்று பாடப் புத்தகத்தில் படித்தோமே, அதுதான். கிளுவை முள்ளின் மேல் கொடி ஏறி, தீப்பிடித்தது போல் பூத்து நிற்கும். ஒரு பூவைக்கூட யாரும் பறிக்க மாட்டார்கள். கல்யாணமான புதிதில் நான் ஒன்றைக் கிள்ளிக் கூந்தலில் செருகிக்கொண்டு வாசலுக்கு வந்தேன். மாமியார் பார்த்தார். "அது விதைக்கு விட்ட பூ, கண்ணு. ஒரு காய் போயிற்று" என்றார். அதோடு விடாமல், "போய்க் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு வா" என்றார். காய்க்கு விலை உண்டு என்பதும் கைக்கு ஏன் சோப்பு என்பதும் அன்றைக்கு எனக்குத் தெரியாது.

இப்போது இருப்பது தாராபுரத்தில். வீட்டுக்குப் பின்னால் இருபதுக்குப் பதினைந்து அடி மண், மேலே மொட்டை மாடி. இரண்டு பூவும் என்னிடம் இருக்கின்றன. பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் கேட்பது ஒன்றுதான்: "ஒருமுறை வைத்தால் ஆண்டுதோறும் பூக்கிற கிழங்குச் செடியாக ஒன்று வேண்டும். இதில் எதை வைக்கலாம்?" வாசலில் நின்று சொல்லி முடிக்கிற பதில் இல்லை. அதனால் எழுதுகிறேன்.

பெயர்க் குழப்பத்தை முதலில் தீர்த்துவிடுவோம். நான் சொல்லும் சம்பங்கி நிலச்சம்பங்கி. கொடிச் சம்பங்கி வேறு, மரமாக வளரும் செண்பகம் வேறு. நாற்றுப் பண்ணையில் 'சம்பங்கி' என்று மட்டும் கேட்டுவிட்டுக் கொடியோடு வீடு திரும்பியவர்களை எனக்குத் தெரியும். காந்தளுக்கோ பெயர்கள் ஏராளம்: கண்வலிக் கிழங்கு, கலப்பைக் கிழங்கு, கார்த்திகைப்பூ. பூவை உற்றுப் பார்த்தால் கண் வலிக்கும் என்று ஊரில் சொல்வார்கள். முப்பது ஆண்டாகப் பார்க்கிறேன்; எனக்குக் கண்ணாடி போட்டது தையல் வேலையால். கலப்பை என்ற பெயரில் மட்டும் பொய்யே இல்லை. கிழங்கைக் கையில் எடுத்தால் ஏரின் வளைவு அப்படியே இருக்கும்.

ஒரு கிழங்கு, ஒரு பூப்பு

இந்த இரண்டையும் 'பல ஆண்டு வாழும் செடி' என்று சொல்லித்தான் விற்கிறார்கள். செடி வாழ்வது உண்மைதான். ஆனால் எந்தக் கிழங்கும் இரண்டாம் முறை பூப்பதில்லை. இதைப் புரிந்துகொண்டால் வளர்ப்பில் பாதி வேலை முடிந்தது.

சம்பங்கியின் சொந்த நாடு மெக்சிகோ. தாவரவியலார் இப்போது அதை ஆகேவ் பேரினத்திலேயே சேர்த்துவிட்டார்கள். ரயில் பாதை ஓரம் நிற்கும் பெரிய கற்றாழைக்கு அது நெருங்கிய சொந்தம். அந்தக் கற்றாழை வாழ்நாளில் ஒரே முறை கம்பம் போல் தண்டு விட்டுப் பூத்து, அடியில் குட்டிகளை விட்டுவிட்டுச் சாகும். சம்பங்கியும் அதே குணம்தான், அளவுதான் சின்னது. ஒரு கிழங்கு ஒரு தண்டு விடும். பூத்து முடிந்ததும் அதன் கதை முடிந்தது. அதற்குள் சுற்றிலும் பத்துப் பன்னிரண்டு குட்டிக் கிழங்குகள் ஒட்டிக்கொண்டிருக்கும். அவற்றில் பெருத்தவை அடுத்தடுத்துப் பூக்கும். கிழவி போன பிறகும் மகள்கள் அதே வீட்டில் நெருக்கியடித்துக்கொண்டு வாழும் கூட்டுக் குடும்பம் அது.

காந்தள் தனிக்குடித்தனம். ஏர் போல் வளைந்த கிழங்கின் ஒவ்வொரு கையின் நுனியிலும் ஒரே ஒரு முளைக்கண். ஆடியில் அந்தக் கண்ணிலிருந்து கொடி கிளம்பும். கொடியின் அடியில் புதிதாக ஓர் ஏர் உருவாகும். பழைய கிழங்கு தன்னிடம் இருந்ததை எல்லாம் கொடுத்துவிட்டுச் சுருங்கித் தோலாகிவிடும். புதுக் கிழங்கு பழைய கையின் நுனியில் உருவாவதால், செடி ஆண்டுக்கு ஒரு விரற்கடை இரண்டு விரற்கடை நகர்ந்துகொண்டே போகும். நான் சுவரை ஒட்டி நட்ட காந்தள் ஒன்று ஐந்தாறு ஆண்டில் துணி துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில் வந்து முளைத்தது.

இந்த வேறுபாட்டால்தான் வளர்ப்பு முறையும் நேர் எதிராகிறது. சம்பங்கியை அவ்வப்போது தோண்டிப் பிரித்து நட வேண்டும். காந்தளைத் தொடாமல் விட வேண்டும். உறங்கும்போது தண்ணீரும் காட்டக் கூடாது.

சம்பங்கி வைப்பது

வாங்கும்போது முதல் கேள்வி, ஒற்றை அடுக்கா, பல அடுக்கா என்பது. மாலைக்கும் சாமிக்கும் தலைக்கும் மணத்துக்கும் வேண்டுமென்றால் ஒற்றை. ஜாடியில் வைத்து அழகு பார்க்க வேண்டுமென்றால் அடுக்கு. பெங்களூரில் உள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் வெளியிட்டவற்றில் ஒற்றை ரகத்துக்குப் 'பிரஜ்வல்', 'சிருங்கார்'. அடுக்குக்கு 'சுவாசினி', 'வைபவ்'. எங்கள் பக்கத்தில் பெரும்பாலும் பிரஜ்வல்தான். சிருங்காரையும் மெக்சிகன் சிங்கிள் என்ற ரகத்தையும் இனக்கலப்புச் செய்து உருவாக்கியது. மொட்டின் நுனியில் லேசான இளஞ்சிவப்பு ஓடும்; விரிந்தால் வெள்ளை. அடுக்குச் சம்பங்கி கண்ணுக்கு நிறைவாக இருக்கும், மணம் கொஞ்சம் குறைவு. என் ஓட்டு எப்போதும் ஒற்றைக்குத்தான்.

கிழங்கு 25 முதல் 30 கிராம் எடை இருக்க வேண்டும். தராசு வேண்டாம், பெரிய நெல்லிக்காய் அளவு, அழுத்தினால் கல் போல் இருக்க வேண்டும். சுண்டைக்காய் அளவுக் கிழங்கைக் கடைக்காரர் மலிவாகக் கொடுப்பார். அது முதல் ஆண்டு இலை மட்டும்தான் விடும். அடித்தட்டில் பூஞ்சை பிடித்துக் கறுத்திருப்பதை வாங்க வேண்டாம்.

தோண்டிய கிழங்கை உடனே நடக் கூடாது. நிழலில் பரப்பி ஒரு மாதம் ஓய்வு கொடுக்க வேண்டும். என் அம்மிச்சி தாழ்வாரத்தில் சாக்கு விரித்துப் பரப்பி வைப்பார். இரண்டு நாளைக்கு ஒருமுறை காலாலேயே புரட்டிவிட்டுப் போவார். பேத்திகளுக்கும் அதே வேலைதான், ஆனால் நாங்கள் குனிந்து கையால் புரட்ட வேண்டும். இந்த ஓய்வு கிடைத்த கிழங்குகள் ஒன்றாக முளைக்கும், ஒன்றாகப் பூக்கும். இல்லாவிட்டால் ஒன்று இன்றைக்கு, ஒன்று அடுத்த மாதம் என்று இழுக்கும்.

நடும் பருவம் ஆனி, ஆடி. தண்ணீர் வடிகிற செம்மண் சிறப்பு. கரிசலாக இருந்தால் மணலும் மட்கிய தொழு உரமும் கலந்து மேட்டுப் பாத்தி போடுங்கள். நாளுக்கு ஆறு மணி நேரமாவது நேர் வெயில் வேண்டும். மா நிழலில் வைத்துவிட்டுப் பூக்கவில்லை என்று என்னிடம் வராதீர்கள். கிழங்கின் முனை மேலே பார்க்க, இரண்டு அங்குல ஆழத்தில், கிழங்குக்குக் கிழங்கு 20 செ.மீ. இடைவெளி விட்டு நடுங்கள். 12 அங்குலத் தொட்டியில் மூன்று கிழங்கு போதும். நடும்போது ஒவ்வொரு குழியிலும் ஒரு பிடி வேப்பம் புண்ணாக்கு.

அந்தப் பிடிக்குக் காரணம் இருக்கிறது. சம்பங்கியின் முதல் எதிரி கண்ணுக்குத் தெரியாத வேர் நூற்புழு. செடி காரணமில்லாமல் குட்டையாகும், மஞ்சளாகும், தண்டு வராது. பிடுங்கி வேரைக் கழுவிப் பார்த்தால் மணி கோத்தது போல் முடிச்சுகள் இருக்கும். வந்த பிறகு மருந்து தேடுவதைவிட வராமல் செய்வதே எளிது: புண்ணாக்கு போடுவது, வரிசைகளுக்கு நடுவே செண்டுமல்லி வைப்பது. செண்டுமல்லியின் வேர் நூற்புழுவை அடக்கும். எங்கள் தோட்டத்தில் அதை அழகுக்கு என்று நினைத்திருந்தேன். அப்பா ஒருநாளும் அழகுக்காக எதையும் வைத்தவரில்லை என்பது பிறகுதான் உறைத்தது.

இரண்டாவது எதிரி தண்டழுகல். மழைக்காலத்தில் இலையின் அடி வெளுத்துச் சாயும். மண்ணை ஒட்டிப் பஞ்சு நூல் போல் வெள்ளையாகப் படர்ந்து, அதில் கடுகு போல் பழுப்பு உருண்டைகள் ஒட்டியிருந்தால் அதுவேதான். அந்தச் செடியைச் சுற்றியுள்ள மண்ணோடு அள்ளி வெளியே போட்டுவிட வேண்டும். உரக்குழியில் போடவே கூடாது, அந்தக் கடுகுதான் அதன் விதை. மீதிப் பாத்திக்கு, நோய்ப் பூஞ்சையை அடக்கும் நல்ல பூஞ்சையான டிரைக்கோடெர்மா விரிடியைத் தொழு உரத்தில் கலந்து போடுவேன். மாவுப்பூச்சி, இலைப்பேன் எல்லாம் வரும். வேப்பெண்ணெய்க் கரைசலுக்கு அடங்கும்.

மேல் மண் ஓர் அங்குலம் காய்ந்ததும் தண்ணீர் விடுங்கள். கோடையில் இரண்டு நாளைக்கு ஒருமுறை வேண்டியிருக்கும். நட்டு மூன்று மாதம் கடந்ததும் நடுவிலிருந்து தண்டு கிளம்பும். இலைக்கும் தண்டுக்கும் வேறுபாடு தெரியாமல் களையென்று கிள்ளிவிடாதீர்கள்: இலை தட்டையாக வரும், தண்டு உருட்டாக வரும். மூன்றடி உயரத்தில், அடியிலிருந்து மேலாக இரண்டிரண்டாகப் பூ விரியும். ஜாடிக்கு என்றால் அடியில் இரண்டு சோடி விரிந்ததும் காலையில் வெட்டுங்கள். ஒரு வாரம் நிற்கும். தொடுக்க என்றால் விரியப்போகும் மொட்டாக, வெயில் ஏறும் முன் பறிக்க வேண்டும். எதற்குமே வேண்டாம், செடியிலேயே இருக்கட்டும் என்றால் சாயங்காலம் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டுக்கொள்ளுங்கள். இந்தப் பூ இருட்டில் வரும் அந்துப்பூச்சியை நம்பி விரிகிற பூ. பகலில் இருக்கும் மணம் விளக்கு வைத்த பிறகு இரட்டிப்பாகும்.

பூத்த தண்டை அடியோடு வெட்டிவிடுங்கள். குட்டிகள் அடுத்தடுத்துத் தண்டு விடும். சமவெளியின் வெக்கையில் சம்பங்கி முழுதாக உறங்குவதே இல்லை. ஆண்டின் பெரும்பகுதி எங்காவது ஒரு தண்டு நிற்கும். இரண்டு ஆண்டு கழித்து, மூன்றாம் ஆண்டில் தண்டு மெலியும், பூ சிறுக்கும். உரம் போதவில்லை என்று நினைத்து இன்னும் கொட்டுவார்கள். உரம் அல்ல, இடம் போதவில்லை. மண்வெட்டியை ஓர் அடி தள்ளி இறக்கி, குத்தோடு தூக்கி, குட்டிகளைப் பிரித்து, பெருத்ததைப் புது இடத்திலும் சிறியதை ஓரப் பாத்தியிலும் நடுங்கள். பூத்து முடிந்த தாய்க் கிழங்கு தக்கை போல் லேசாக இருக்கும். அதற்கு இரங்க வேண்டாம். எனக்கும் முதலில் மனம் வராமல் எல்லாவற்றையும் நட்டுப் பார்த்தேன். பாத்திதான் வீணானது.

காந்தள் வைப்பது

கிழங்கைப் பயிரிடும் விவசாயியிடம் கேட்டு வாங்குங்கள். மூலனூர், தாராபுரம், ஒட்டன்சத்திரம், வேதாரண்யம் பக்கங்களில் பயிரிடுகிறார்கள். வேலியோரத்திலும் காட்டிலும் தானாக முளைத்ததைத் தோண்டி எடுக்காதீர்கள். அப்படித் தோண்டித் தோண்டித்தான் பல இடங்களில் அது இல்லாமல் போனது. தமிழ்நாட்டின் மாநிலப் பூ என்று பெருமை பேசிக்கொண்டு அதையே பெயர்த்து எடுப்பது சரியாக இருக்காது. விதையிலிருந்தும் வரும், ஆனால் பூவைப் பார்க்க மூன்று நான்கு ஆண்டு ஆகும்.

ஒரு கிழங்கு 50 கிராமுக்கு மேல் இருந்தால் அந்த ஆண்டே நன்றாகப் பூக்கும். வாங்கும்போது கிழங்கின் பருமனைப் பார்க்கும் முன் நுனியைப் பாருங்கள். ஒவ்வொரு கையின் கூர்முனையிலும் வெளுத்த ஒரு சிறு கண் தெரியும். அது நசுங்கியிருந்தால் மீதிக் கிழங்கு எவ்வளவு கொழுத்திருந்தாலும் முளைக்காது. உருளைக்கிழங்கு போல் இங்கே பல கண்கள் கிடையாது. மாமியார் கிழங்குகளை மூட்டையில் கட்டமாட்டார். மணல் பரப்பிய தட்டில் முனை மோதாமல் அடுக்குவார். ஒரு கிழங்கை இரண்டாக்க வேண்டுமென்றால் வளைவில் மட்டும் உடைக்க வேண்டும். கைக்கு ஒரு கண். உடைத்த வாயில் சாம்பல் தடவி இரண்டு நாள் ஆறவிட்டு நடுவார்.

நடுவது ஆடியில், முதல் மழைக்குப் பின். மூன்று அங்குல ஆழத்தில் கிழங்கைப் படுக்க வைத்து, முளைக்கண் சற்றே மேல்நோக்கி இருக்கும்படி மூடுங்கள். தொட்டி என்றால் ஓர் அடிக்குக் குறையாத ஆழம், மண்ணில் பாதிக்குப் பாதி மணல். எங்கள் ஊர்ச் செம்மண் காட்டில், சரளை கலந்த இடத்தில்தான் அது செழிக்கிறது. கொழுத்த மண்ணைப் பார்த்து மயங்குவதில்லை.

இரண்டு மூன்று வாரத்தில் பென்சில் போல் ஒரு முளை வரும். இந்த முளை முறிந்தால் அந்த ஆண்டுக்கு அவ்வளவுதான். என் வீட்டில் ஒருமுறை பூனை முறித்தது, ஒருமுறை துடைப்பம். அதனால் முளை வருமுன்னே சுற்றி நான்கு குச்சி நட்டுவிடுகிறேன். ஏறுவதற்கான பந்தலையும் அப்போதே அமைக்க வேண்டும், பிறகு கொடியின் மேல் கை வைக்க முடியாது.

பந்தல் விஷயத்தில் எல்லாரும் செய்யும் தவறு, தடித்த மூங்கிலை நடுவது. காந்தளுக்குத் தனியாகப் பற்றுச் சுருள் கிடையாது. இலையின் நுனியே நீண்டு, நாய்வால் போல் சுருண்டு பிடித்துக்கொள்கிறது. அது பிடிக்க மெல்லிய பொருள் வேண்டும்: காய்ந்த கிளுவைச் சிம்பு, கொய்யா விளார், கம்பி, வலை. பென்சிலைவிடத் தடித்ததைச் சுற்ற முடியாமல் இலை தடவித் தடவித் தோற்றுவிடும். கொடி ஐந்தாறு அடி போகும்.

பூ வருவது புரட்டாசி முதல் கார்த்திகை வரை. மொட்டு பச்சையாகத் தலை கவிழ்ந்து தொங்கும். விரியும்போது ஆறு இதழ்களும் பின்னோக்கி மேலே மடங்கி, ஓரம் நெளிந்து, சுடர் போல் நிமிரும். முதல் நாள் பச்சை மஞ்சள், அடுத்து அடி மஞ்சள் நுனி சிவப்பு, ஒரு வாரத்துக்குள் முழுச் சிவப்பு. ஒரே கொடியில் மூன்று நிறமும் ஒரே காலையில் நிற்கும். சங்கப் புலவர்கள் பெண்ணின் விரலுக்கு ஏன் இதை உவமை சொன்னார்கள் என்று ஒரு பூவைத் திருப்பிப் பார்த்தால் தெரியும். மணம் மட்டும் எதிர்பார்க்காதீர்கள், துளிகூட இல்லை.

பூவின் அடியைக் கவனியுங்கள். சூல்தண்டு நேராக வராமல், முழங்கை மடித்தது போல் பக்கவாட்டில் ஒடிந்து வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். மகரந்தம் அதன் மேல் தானாக விழாது. அதனால்தான் காட்டில் காலை வேளையில் ஆட்கள் பூப்பூவாகத் தொட்டு மகரந்தம் சேர்க்கிறார்கள். நான் கூந்தலில் செருகியது அப்படி ஒருவர் காலையில் குனிந்து தொட்டுவிட்டுப் போன பூ. வீட்டுத் தோட்டத்தில் அந்த வேலை தேவையில்லை. காய் பிடிக்காவிட்டால் செடியின் சத்து கிழங்குக்குப் போகும், அடுத்த ஆண்டுப் பூவுக்கு நல்லது.

கறுப்பு உடலில் வெள்ளையும் சிவப்புமாகப் புள்ளி வைத்த புழு ஒன்று இலையை மேயும். இவ்வளவு நஞ்சுள்ள செடியைத் தின்று கொழுக்கிறது என்றால் அதன் துணிச்சலை என்னவென்பது! கையுறை போட்டுக்கொண்டு பொறுக்கிச் சோப்புத் தண்ணீரில் போட்டுவிடுவேன்.

இனி என் பெரிய தவறு. தாராபுரம் வந்த முதல் ஆண்டு, தை மாதத்தில் கொடி மஞ்சளாகிக் காய்ந்தது. இடம் வெறுமனே கிடக்கிறதே என்று மேலே சிறுகீரை விதைத்தேன். கீரைக்கு நாள்தோறும் தண்ணீர். வைகாசியில் மாமியார் வந்தபோது, கிழங்கைக் காட்டலாம் என்று தோண்டினேன். ஏரின் வடிவம் அப்படியே இருந்தது. தொட்டதும் கஞ்சியாக விரலில் வழிந்தது. மாமியார் கிழங்கைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. "கீரையைப் பிடுங்கும்போது கிழங்குத் துண்டு ஏதாவது கூட வந்ததா?" என்றுதான் கேட்டார். வரவில்லை என்று சொன்னேன். மூன்று முறை கேட்டார்.

அதிலிருந்து நான் செய்வது இது. இலை மஞ்சளானதும் தண்ணீரை நிறுத்திவிடுகிறேன். கொடி முழுதாகக் காய்ந்த பிறகு தரைமட்டத்தில் வெட்டி, அந்த இடத்தில் சிவப்புச் சாயம் பூசிய குச்சியை ஊன்றுகிறேன். மேலே எதையும் விதைப்பதில்லை. தொட்டிகளை மாடிப்படி அடியில் பக்கவாட்டில் சாய்த்துப் படுக்க வைத்துவிடுகிறேன். பெரிதாக மழை பெய்தாலும் உள்ளே இறங்காது. ஆனி கடைசி வரை அவை அப்படியே கிடக்கும். வெறும் தொட்டி என்று நினைத்து வீட்டில் யாராவது மண்ணைக் கொட்டிவிடப் போகிறார்கள் என்ற பயம் மட்டும் ஒவ்வோர் ஆண்டும் உண்டு.

நஞ்சு

இதைச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஆனால் இதைப் படிக்காமல் தாண்டிவிடாதீர்கள். காந்தளின் கிழங்கு, விதை, தண்டு, இலை, பூ எல்லாமே நஞ்சு. உள்ளிருப்பது கோல்சிசின். கௌட் என்ற மூட்டு நோய்க்கு மருந்து செய்யவும், பயிர்களின் குரோமோசோமை இரட்டிப்பாக்கிப் புது ரகம் உருவாக்கவும் அதைப் பயன்படுத்துகிறார்கள். விதைக்கு விலை இருப்பது அதனால்தான். மருந்தாகும் அளவுக்கும் உயிரைக் குடிக்கும் அளவுக்கும் இடைவெளி மிகக் குறைவு. தவறித் தின்றால் சில மணி நேரத்தில் வாந்தி, வயிற்றுவலி, பேதி; அது நின்று தேறியது போலத் தெரிந்தாலும் அடுத்த நாள்களில் சிறுநீரகமும் இரத்தமும் பாதிக்கப்படும். வீட்டு வைத்தியம் எதுவும் வேண்டாம். நேராக மருத்துவமனைக்குப் போக வேண்டும், தின்ற துண்டைக் கையோடு கொண்டுபோக வேண்டும்.

கிழங்கு பார்வைக்குச் சர்க்கரைவள்ளியின் தம்பி போல இருக்கும். எங்கள் வீட்டுக்கு வந்த உறவுக்காரப் பெண் ஒருவர், திண்ணையில் காய வைத்திருந்ததில் இரண்டை எடுத்து, "வேக வைக்கட்டுமா?" என்று கேட்டபடியே அடுப்படிக்கு நடந்திருக்கிறார். கேட்டார், தப்பித்தோம். அன்றிலிருந்து கிழங்கு சமையலறைப் பக்கமே வருவதில்லை. பூட்டிய தகரப் பெட்டியில், மேலே பெயர் எழுதி. தொட்டால் கையுறை, முடிந்ததும் சோப்பு.

அப்படியானால் எது?

வாயில் எதையும் வைக்கும் வயதில் குழந்தை இருக்கிறதா, ஆடு மாடு அவிழ்ந்து வருகிற வீடா? சம்பங்கி. யோசிக்கவே வேண்டாம், காந்தள் பத்து ஆண்டு கழித்து வரட்டும்.

பூவைப் பறித்துப் பயன்படுத்த வேண்டும் என்கிறவர்களுக்கும் சம்பங்கிதான். மண்ணில் கை வைத்துக்கொண்டே இருக்க ஆசைப்படுகிறவர்களுக்கும் அதுவே. அது தினமும் ஏதாவது கேட்கும்.

கோடையில் தண்ணீர் லாரியை எதிர்பார்த்து நிற்கும் தெருவா? சித்திரை, வைகாசியில் பூட்டிவிட்டு மகன் வீட்டுக்குப் போகிறவரா? காந்தள் உங்களுக்காகவே பிறந்தது. நீங்கள் இல்லாத மாதங்களில்தான் அது தூங்குகிறது. வேலிக் கம்பியும் மணற்பாங்கான மண்ணும் இருந்தால் வேறெதுவும் கேட்காது. பதிலுக்கு ஆண்டில் ஐந்தாறு மாதம் ஒன்றுமே இல்லாத இடத்தைப் பார்த்துக்கொண்டிருக்கப் பொறுமை வேண்டும். அது இல்லாதவர்கள்தான் என்னைப் போல் கீரை விதைக்கிறார்கள்.

இரண்டும் வேண்டுமென்றால் வையுங்கள், ஒரே பாத்தியில் மட்டும் வேண்டாம். சம்பங்கிக்கு ஊற்றும் கோடைத் தண்ணீர் காந்தள் கிழங்கை அழுக வைத்துவிடும். என் வீட்டில் சம்பங்கி துவைக்கிற கல்லிலிருந்து தண்ணீர் வழியும் பக்கம் இருந்தது, சோப்புத் தண்ணீரால் இலை கருகியதால் குழாயடிக்கு மாற்றினேன். காந்தள் மேற்குச் சுவரோரம், குழாய் எட்டாத தூரத்தில். நடுவே ஆறடி வெறும் தரை, கல் பரப்பியது.

இதை எழுதும்போது ஆனி பிறந்து நான்கு நாள். போன மாதம் தோண்டிய சம்பங்கிக் கிழங்கு தாழ்வாரத்தில் சாக்கின் மேல் பரப்பிக் கிடக்கிறது. போகும்போதும் வரும்போதும் காலால் புரட்டிவிடுகிறேன், அம்மிச்சி மாதிரியே. படிக்கு அடியில் தொட்டிகள் மூன்று இன்னும் படுத்திருக்கின்றன. சுவரோரம் சிவப்புக் குச்சி ஐந்து நட்டிருந்தேன், நேற்று எண்ணினால் நான்குதான் இருக்கிறது. ஒன்றைப் பூனை சாய்த்துவிட்டது போலிருக்கிறது. ஆடி மழை வந்து முளை கிளம்பும் வரை அந்தப் பக்கம் துடைப்பம் போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.